மாரியம்மா அக்காவும் ஓடிப்போன மருமகளும்

மாரியம்மா அக்கா போயிட்டாக. நேத்து விடியக்காலையில... சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்துல, அவுக வீட்லயே.

உங்கள்ல யாருக்கும் அவுகளைத் தெரியாது. எனக்கே ஒரு வருசப் பழக்கம்தான். விருதுநகர்ல அப்பாவுக்கு டயாலிசிஸ் பண்ற ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்.

பட்டாசுக் கம்பெனியில திரி வைக்கிற வேலை பார்த்தவுக. கிட்னி போனதும் வேலையும் போச்சு. மக முருகேஸ்வரியும் அதே கம்பெனிதான். அவளை விட்டா அக்காவுக்கு வேற ஆள் இல்ல.

எங்க அப்பா காரியாபட்டி பக்கம் விவசாயி. வெளியாள்கிட்ட லேசுல வாயைத் திறக்க மாட்டாரு. மெஷின்ல போட்டதும் போர்வையை இழுத்து மூடிட்டுப் படுத்துருவாரு.

அவரைப் பேச வச்சது ஒரு சீரியல். சத்தியமா.

வார்டு டிவியில மத்தியானம் ஓடும். ஒரு பெரிய வீட்டு மூத்த மருமக, யார்கிட்டயும் சொல்லாம புருசனையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போயிருவா. ஏன் போனான்னு காட்டாம மாசக்கணக்கா இழுத்தானுங்க. வார்டுல சிஸ்டர்ல இருந்து பேஷண்ட் வரைக்கும் அதே பேச்சு.

ஒருநாள் போர்வைக்குள்ள இருந்து அப்பா சத்தம். "கொழுப்பெடுத்துப் போயிருக்கா."

அக்கா விடல. "அப்பிடிச் சொல்லாதீக ஐயா. போகும்போது தூங்குற பிள்ளை காலைத் தொட்டுப் பார்த்துட்டுப் போறாள்ல, கவனிச்சீகளா? கொழுப்பெடுத்தவ எதுக்குத் தொட்டுப் பாக்குறா?"

அப்பா போர்வையை விலக்கிட்டாரு.

அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் இதே கச்சேரிதான். வீட்ல கிளம்பும்போதே அப்பா பாயிண்ட் தயார் பண்ணிக்கிட்டு வருவாரு. மாமியாக்காரிதான் மெரட்டி வெரட்டிட்டாம்பாரு. அடுத்த வாரம், அவளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருக்கும்பாரு.

இதைக் கேட்டு அக்கா சிரிச்ச சிரிப்புல கை அசைஞ்சு மெஷின் கத்த ஆரம்பிச்சிருச்சு. சிஸ்டர் ஓடி வந்து ரெண்டு பேரையும் திட்டுனாக.

அக்கா அப்பாவைக் கூப்பிட்டது மொதல்ல ஐயான்னுதான். எப்ப அண்ணே ஆச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. எங்க ஊர்ல அக்கா சனத்துல யாரும் அப்பாவை அண்ணேன்னு கூப்பிட்டுற முடியாது... எங்க பக்கத்து ஆளுகளுக்கு நான் சொல்றது புரியும். அப்பா "ஏத்தா, நீ சொல்லு"ன்னு அக்கா பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

அக்கா கட்சி மாறவே இல்ல. "அவளுக்கு ஏதோ பெரிய நோவுண்ணே. வீட்டுக்குப் பாரமா கெடக்க வேண்டாம்னு போயிருக்கா."

"நோவுன்னா வீட்ல சொல்லணும்ல?"

"சொன்னா விடுவாகளா? பொழப்பை விட்டுட்டுத் தூக்கிக்கிட்டு அலைவாக."

"அலையட்டுமே! அதுக்குத்தான வீட்டு ஆளுக?"

அக்கா டிவியவே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்பா ஜெயிச்சுட்ட சந்தோசத்துல என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு.

அதுக்குப் பெறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வரல. அடுத்த செவ்வாய் வந்தாக... மூஞ்சி, காலெல்லாம் வீங்கிப்போய். கேட்டா, பஸ்ஸை விட்டுட்டேன்னாக.

அன்னைக்கு அப்பா டிவி பக்கம் திரும்பவே இல்ல. "பொய் சொல்லாத. ஏன் வரல?"

"தீபாவளி சீசன்ணே. ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. இனி லீவு போட்டா வரவே வேண்டாம்னு முருகேஸ்வரிகிட்டச் சொல்லிட்டாக. தனியா வந்துருவேன், நீ வேலைக்குப் போன்னுட்டேன்."

"இந்தா, எம் மகளைக் கார் எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"அம்புட்டு தூரம் சுத்தியா? வேண்டாம்ணே. வந்துருவேன்."

"வரணும். கேக்குதா?"

"வாரேன்ணே."

அந்த வெள்ளிக்கிழமை வரல. இந்தச் செவ்வாய்க்கிழமையும் கட்டில் காலி. போன் போட்டேன். எடுத்தாக. "திருத்தங்கல் தாண்டிட்டேம்மா, வந்துக்கிட்டே இருக்கேன்"னாக, மூச்சு வாங்கிக்கிட்டே.

பஸ் சத்தமே இல்ல. பின்னால கோழி கத்துது.

அப்பா போனைப் பிடுங்கி, "ஏத்தா, நீ வீட்லதான் இருக்க. அங்கனயே இரு, வண்டி வருது"ன்னு கத்துனாரு. கட் பண்ணிட்டாக. அப்புறம் எடுக்கவே இல்ல. அட்ரஸ் தெரியாது. முருகேஸ்வரி போன் அணைஞ்சு கெடந்துச்சு. பட்டாசுக் கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாக.

சாயங்காலம் வெளிய வந்து போனை ஆன் பண்ணித்தான், நான் கூப்பிட்டதை அவ பாத்திருக்கா. வீட்டுக்கு ஓடியிருக்கா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன்னு அவ சொன்னதுக்கு, விடியட்டும் தாயின்னு அக்கா கையைப் பிடிச்சு உக்கார வச்சிருக்காக. விடியிறதுக்குள்ள மூச்சு முட்டி...

நேத்து அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். நீங்க வரவேண்டாம்னேன், கேக்கல.

முருகேஸ்வரி சொன்னா... "ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கிட்டு என்கூடவே பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வருவாகய்யா. நான் கம்பெனி வண்டியில ஏறுனதும் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்காக. பக்கத்து வீட்டுக்காரக இப்பத்தான் சொல்றாக."

அப்பா அக்கா கால்மாட்டுல தரையிலயே உக்காந்துட்டாரு. "உன் மேல தப்பு இல்ல தாயி"ன்னாரு.

"அப்ப யாரு மேலய்யா?"



நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில இருந்து அப்பா போர்வைக்குள்ளயே கெடக்காரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு சொல்லிருவாரோன்னு பயமா இருக்கு. அதனால நானும் கேக்கல.

மாரியம்மா அக்கா... இனி மூச்சு வாங்காது. நிம்மதியாப் படுங்கக்கா.