ஒரு பேணிக் குளிப்பு

சுருவில் கிராமத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வாயில் வைக்கத்தான் ஏலாது. அதில் பருப்பைப் போட்டால் மத்தியானம் வரை அவியாமல் கிடக்கும். தேத்தண்ணி போட்டால் பால் திரைந்துவிடும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் சவர்க்காரம்தான் தேயும், நுரை வராது. அதனால் குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணியைத்தான் நம்பியிருக்கிறோம். பவுசர்காரர் வாசல் படலையடியில் நிற்கும் எங்கள் கறுப்புத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போவார். அடுத்த முறை அவர் வரும்வரை அதுதான் எங்கள் சொத்து.

குளிப்பு கிணற்றடியில், உவர்த் தண்ணியில். ஆனால் உவரில் மட்டும் குளித்துவிட்டு வந்தால் தலைமயிர் தும்பாகிவிடும், மேல் கடித்துச் சொறிய வைக்கும். ஆகவே கடைசியில் அரை வாளி நல்ல தண்ணி தலையில் ஊற்றிக்கொள்வோம். அதைக் 'கடைசித் தண்ணி' என்று சொல்லுவோம். நானும் என் கணவரும் கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஆளுக்கு அரை வாளி. அதில் ஒரு சண்டையும் வந்ததில்லை.

சண்டை ஜேர்மனியிலிருந்து வந்தது.

இவரின் அக்கா, எனக்கு மச்சாள், முப்பது வருசமாக அங்கே இருக்கிறா. போன புரட்டாதியில் ஒரு மாதம் நிற்க வந்தா. மழை இல்லை. நாலு நாளைக்கு ஒருக்கா வந்த பவுசர் வாரத்துக்கு ஒருக்கா என்று ஆகிவிட்டது. வெளிநாட்டுக்காரர் வந்தால் தண்ணியை வாரி இறைப்பினம் என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். பயந்தது நடக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. மச்சாள் தண்ணி மிச்சம் பிடிக்கிற ஆளாக வந்து இறங்கினா.

பெட்டியைத் திறந்ததும் சொக்கிலேற்றுக்கு மேலே இரண்டு சாமான் கிடந்தன. ஒன்று, சுவரில் ஒட்டுகிற மணல் கடிகாரம். மற்றது, துணியில் சுற்றிய பளபளக்கும் பைப்.

"இது நாலு நிமிசம்," என்று மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துக் காட்டினா. "மண் முழுக்கக் கொட்டுறதுக்குள்ளை குளிச்சு முடிக்க வேணும். அங்கை எல்லாரும் இப்பிடித்தான்."

"மச்சாள், இஞ்சை சவர் இல்லையே. நாங்கள் அள்ளித்தானே குளிக்கிறம்," என்றேன்.

"அள்ளினாலும் நேரம் நேரந்தானே!"

இவர் அக்கா சொல்லைத் தட்டாத பிள்ளை. மணல் கடிகாரத்தைக் கொண்டுபோய்க் கிணற்றுக் கட்டில் ஒட்டினார். அது விழுந்தது. பிறகு சணல் கயிற்றால் தூணோடு கட்டிவிட்டார். அன்று மச்சாள் குளிக்கப் போனா. நாலு நிமிசம் முடிந்தபோது அவ இன்னும் சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றா. "தம்பி, இது சவர்க்காரமோ கல்லோ?" என்று தகர அடைப்புக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. கடிகாரத்தை அன்றோடு மறந்துபோனா.

பைப்பை மறக்கவில்லை. எங்கள் தாங்கியில் இருந்தது திருகிற பைப். திருகித் திருகிப் பூட்டுவதற்குள் ஒரு பேணித் தண்ணி வீணாகிறதாம். அவ கொண்டு வந்ததோ கைபிடி வைத்தது. ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும், இன்னொரு தட்டில் பூட்டும். இவர் அதைத் தாங்கியில் மாட்டிவிட்டு, திறந்தும் மூடியும் பத்துத் தரம் விளையாடிப் பார்த்தார். அந்த விளையாட்டில் ஒரு குடம் போனது.

அடுத்த நாள் காலை மச்சாள் நான் கடைசித் தண்ணிக்கு வாளி பிடிப்பதைக் கண்டுவிட்டா.

"அரை வாளியோ!" என்று நெஞ்சில் கை வைத்தா. "நில்லும், அளந்து பாப்பம்." குசினியிலிருந்து பால் ரின் பேணியை எடுத்து வந்து அளந்தா. எட்டுப் பேணி. "எட்டோ! எனக்கு அஞ்சு காணும்."

நான் பிறந்தது பக்கத்துச் சரவணையில், அங்கேயும் இதே உவர்தான். நடக்கப் பழகின நாளிலிருந்து குடம் தூக்கினவள். பல்லு விளக்கி வாய் கொப்பளித்த தண்ணி எந்த மரத்துக்குப் போகவேணும் என்று கணக்கு வைத்து வளர்ந்தவள். எனக்கு, தண்ணி மிச்சம் பிடிக்க, முப்பது வருசம் பைப்பைத் திறந்தால் தண்ணி வருகிற ஊரில் இருந்தவ படிப்பிக்கிறா. நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்:

"மச்சாள், எனக்கு நாலு காணும்."

"அப்ப நாளைக்கு நான் மூண்டு."

இப்படித்தான் தொடங்கியது. நடுவர் இவர். கிணற்றடித் தகர அடைப்புக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் பேப்பரோடு இருப்பார். தண்ணி விழுகிற சத்தத்தை எண்ணுவது அவர் வேலை. "ஒண்டு… ரெண்டு… அக்கா, அது ரெண்டா, ரெண்டரையா?"

"பேணி கை தவறினதடா!"

"தவறினாலும் கணக்குத்தான்."

மச்சாள் மூன்றில் முடித்தா. நான் இரண்டில் முடித்தேன். அடுத்த நாள் அவ ஒன்றரையில் முடித்துவிட்டு, துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, தேர் இழுத்துவிட்டு வந்தவர் மாதிரி முற்றத்தால் நடந்து போனா. நான் அன்றிரவு படுக்கப் போகும்போதே முடிவெடுத்துவிட்டேன். நாளைக்கு ஒரு பேணி.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். மச்சாள் எனக்கென்று ஒரு பெரிய போத்தல் சம்பூ கொண்டு வந்திருந்தா. அது உவர்த் தண்ணியில் நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். பிறகு இன்னும் கொஞ்சம். எல்லாம் தலைக்குள் பசை மாதிரிப் போய் இருந்துவிடும், நல்ல தண்ணி படும்வரை. நான் அன்று காலை மூன்று தரம் ஊற்றிவிட்டு, ஒரு பேணியை மிக மெதுவாக, நூல் மாதிரி ஊற்றினேன்.

"ஒண்டு," என்றார் இவர். பிறகு பேப்பரை மடிக்கிற சத்தம். "என்னப்பா, முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

மச்சாள் குசினி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தா. அந்தப் பார்வைக்காகவே இன்னொரு தரம் அப்படிக் குளிக்கலாம் என்று அப்போது தோன்றியது.

நான் ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். ஏறும்போது கொண்டை ஈரமாக இருந்தது. இறங்கும்போது அது காய்ந்து கட்டையாகிப் போயிருந்தது. விரலால் தட்டினால் சத்தம் கேட்டது.

காலைக் கூட்டம் வெயிலில். அதிபர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வேர்த்தது. வேர்வை நெற்றியால் இறங்கிக் கண்ணுக்குள் போனதும் கண் எரியத் தொடங்கிவிட்டது. பொறுத்துப் பார்த்தேன். ஏலாமல் மெதுவாக நழுவி, பிள்ளைகள் தண்ணி குடிக்கிற பைப்படிக்குப் போனேன். அங்கே வருவது நல்ல தண்ணி. இரண்டு கை அள்ளி முகத்தில் அடித்தேன், நெற்றிமயிரும் நனைந்தது.

அவ்வளவுதான். மூன்று நாளாக உள்ளே இருந்த சம்பூ முழுவதும் வெளிக்கிட்டது. நெற்றியால், கன்னத்தால், மூக்கால், வாயால், நாடியால் நுரை. துடைக்கத் துடைக்கக் கூடியது. நான் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துச் சமயம் படிப்பிக்கிற ரீச்சர் அந்தப் பக்கம் வந்தா.

"ஐயோ, வலிப்பு!"

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கவேணும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். அவ தன் அலுமாரி பூட்டித் திறக்கிற இரும்புத் திறப்புக் கோர்வையை என் கைக்குள் திணித்துப் பொத்திப் பிடித்தா. "விடாதையுங்கோ ரீச்சர், இறுக்கிப் பிடியுங்கோ!" நான் "ஒண்டுமில்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய்க்குள்ளிருந்து ஒரு குமிழி வந்தது. அது நல்ல பெரிய குமிழி. கொஞ்சத் தூரம் பறந்தும் போனது. அதைக் கண்டதும் அவ இன்னும் பலமாகக் கத்தினா.

கூட்டம் கலைந்தது. ஒழுக்கம் பாதியில் நின்றது. அதிபர் கதிரை கொண்டுவரச் சொன்னார். யாரோ இன்னொரு திறப்பைக் கொண்டு வந்து மற்றக் கையில் வைத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும் கிட்ட வந்து மோந்து பார்த்துவிட்டு, "சேர், ரீச்சரிலை சம்பூ மணக்குது," என்று உண்மையைச் சொன்னது. அதை ஒருவரும் காதில் போடவில்லை. கடைசியில் நானே பைப்புக்குக் கீழே தலையைக் கொடுத்து, ஐந்து நிமிசம், பள்ளிக்கூடத்துத் தண்ணியில் முழுக்கக் கழுவினேன். எத்தனை பேணி என்று எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மச்சாள் சிரிப்பா என்று நினைத்தேன். அவ முகம் வேறு மாதிரி இருந்தது. என்னைக் கையில் பிடித்துத் தாங்கியடிக்குக் கூட்டிப்போனா.

"தட்டிப் பாரும்."

தட்டினேன். அடிப்பக்கம் வரும்வரை வெறுமையாக ஒலித்தது. பவுசர் வந்து நாலு நாள்தான். நாங்கள் இரண்டு பேரும் பேணிக் கணக்கில் குளித்திருக்க, தாங்கி முக்கால்வாசி காலி.

நான் மச்சாளைப் பார்த்தேன். ஆர் கண்டது, நான் பள்ளிக்கூடம் போன பிறகு வடிவாக வாளி வாளியாக ஊற்றிக் குளிக்கிறாவோ? மச்சாளும் என்னை அப்படித்தான் பார்த்தா. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இவரைப் பார்த்தோம்.

"அம்மாளாச்சி ஆணை, நான் ஒரு சொட்டும் கூட ஊத்தேல்லை," என்றார். சொல்லும்போது கண் வேலிப்பக்கம் போனது.

அடுத்த நாள் சனிக்கிழமை. நானும் மச்சாளும் மத்தியானம் குசினி யன்னலடியில் குந்தியிருந்து காவல் பார்த்தோம். இவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார், அல்லது படுத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் படலை மெதுவாகத் திறந்தது. ஊரில் அலைகிற ஒரு கட்டாக்காலி மாடு. விலா எலும்பெல்லாம் தெரிகிற சிவப்பு மாடு. நேரே தாங்கியடிக்கு வந்து, மூக்கால் பைப்பின் கைபிடியை ஒரு தட்டுத் தட்டியது. தண்ணி கொட்டியது. அது நிதானமாகக் குடித்தது.

"என்ரை பைப்!" என்று மச்சாள் வாயைப் பொத்தினா.

குடித்து முடித்ததும் அது திரும்பி நடந்தது. தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. மாட்டுக்குத் திறக்கத் தெரிந்திருந்தது, பூட்டத் தெரியவில்லை. நான் எழும்பி ஓடுவதற்குள், மாமரத்துக்குப் பின்னாலிருந்து இவர் வந்தார். பைப்பைப் பூட்டினார். மாட்டின் நெற்றியைச் சொறிந்து, "நாளைக்கு வா," என்று சொல்லிப் படலையைச் சாத்தினார்.

நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம். இவர் எங்களைக் கண்டு அப்படியே நின்றார்.

"எத்தினை நாளா இது?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமைதான் கண்டனான். அண்டைக்கு நான் காணமுன்னமே கனக்க ஓடிப் போச்சு. பாவமப்பா, குளமெல்லாம் வத்திப் போச்சு. வாயில்லாச் சீவன். துரத்த மனம் வரேல்லை."

"அதுக்கு எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே! நான் தலையிலை நுரையோடை ரெண்டு கையிலையும் திறப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்!"

"சொன்னால் அக்கா பைப்பைக் கழட்டிப் போடுவா எண்டு பயம். அதோடை, அதுக்குப் போற தண்ணிக்கு ஈடா நானும் விட்டுக்குடுத்தனான்தானே."

"என்னத்தை விட்டுக்குடுத்தனீங்கள்?"

இவர் நிலத்தைப் பார்த்தார். "என்ரை கடைசித் தண்ணியை."

"அப்ப வெறும் உவரிலையோ குளிச்சனீங்கள்?"

"உவரிலை மட்டும் குளிச்சால் மேல் கடிக்குமெல்லே. அதுதான்… முழுக்கவே குளிக்கேல்லை. செவ்வாய் தொடங்கி."

அன்று சனி. மச்சாள் ஒரு அடி பின்னால் போனா. "தம்பி!" என்றா. பிறகு என்னைப் பார்த்தா. "நான் உமக்கு நேற்றுச் சொன்னன் எல்லே, குசினிக்குள்ளை எலி ஏதோ செத்துக் கிடக்கெண்டு. நாங்கள் ரெண்டு பேரும் அலுமாரியை எல்லாம் இழுத்துப் பார்த்தமே!"

பார்த்தோம்தான். அலுமாரிக்குப் பின்னால், மாச்சாக்குக்குப் பின்னால், எல்லா இடமும். எங்கள் பின்னாலேயே இவரும் வந்து லைற் அடித்துத் தேட உதவி செய்தார். அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மச்சாள் சிரித்துச் சிரித்து நிற்க ஏலாமல் படலையடி மண்ணிலேயே இருந்துவிட்டா. இவர் மட்டும், "மணந்ததோ?" என்று மெய்யாகவே கேட்டார்.

இருந்த நல்ல தண்ணியில் அன்று இவருக்கு முழு வாளி கொடுத்தோம். ஒருவரும் எண்ணவில்லை. பின்னேரம் பழைய திருகு பைப்பைத் திரும்பப் பூட்டினோம். மாட்டுக்கென்று படலைக்கு வெளியே ஒரு சீமெந்துத் தொட்டி வைத்து, கிணற்றுத் தண்ணி நிறைத்தோம். அது வந்தது, மூக்கை வைத்தது, தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. உவர் அதற்கும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் மச்சாள் அரிசி கழுவின தண்ணியைக் கொண்டு வந்தா. அதில் ஒரு பிடி தவிடு போட்டுக் கலக்கினா. மாடு தொட்டியை நக்கித் துடைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு மச்சாள் நின்ற நாளெல்லாம் குசினியில் ஒரு சொட்டும் வீணாகவில்லை. அரிசி, மரக்கறி, பழம் கழுவின தண்ணி எல்லாம் ஒரு வாளிக்குள் போகும். "அரிசியை இன்னொருக்காக் கழுவுவமோ?" என்றுகூட ஒரு நாள் கேட்டா. நான்தான் வேண்டாம் என்று தடுக்கவேண்டி வந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னமே மச்சாள் திரும்பிப் போய்விட்டா. போய் இரண்டு மாதத்தில் தொலைபேசி எடுத்தா. கை பழகிவிட்டதாம். அங்கேயும் அரிசி கழுவின தண்ணியை வாளியில் சேர்த்து வைத்துவிட்டா. பிறகுதான் யோசித்தாவாம், நாலாம் மாடியில் மாட்டுக்கு எங்கே போவது என்று. ஊற்ற மனம் வராமல், பக்கத்து வீட்டுக் கிழவி படிக்கட்டில் வைத்திருந்த பூச்சாடிகளுக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் விட்டிருக்கிறா. பூ அள்ளிப் பூத்துவிட்டதாம். கிழவி கண்டுபிடித்து, அது என்ன மருந்து என்று கேட்டு, இப்போது ஒவ்வொரு நாளும் போத்தலோடு வந்து கதவைத் தட்டுகிறாவாம்.

"நல்லதுதானே மச்சாள்," என்றேன்.

"என்ன நல்லது? கிழவிக்குத் தண்ணி குடுக்க வேணுமெண்டு ஒவ்வொரு நாளும் சோறு காய்ச்சிறன். மாவிலை புட்டு அவிச்சு மூண்டு கிழமையாச்சு."