தோட்டத்தின் முதல் டாக்டர்

கோயில் திருவிழாவுக்குக் கட்டிய பேனரில் என் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. அந்தச் சாமானை நான் கையால் தொட்டதுகூட இல்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் பேனர் அடித்துக் கொடுக்கிற கடைக்காரர், பள்ளியில் படிவம் ஐந்து படித்தபோது எடுத்த என் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாருடைய உடம்பிலோ ஒட்டி, வெள்ளைக் கோட்டும் மாட்டிவிட்டிருந்தார். ‘எங்கள் தோட்டத்தின் முதல் டாக்டர்’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. செமஸ்டர் விடுமுறைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய நான் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். இதை யார் சொல்லிச் செய்திருப்பார்கள் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவைத் தவிர வேறு யார்?

நான் அப்போது படித்துக்கொண்டிருந்தது உலகச் சுகாதாரம் என்கிற இளங்கலைப் படிப்பு. ஒரு நோய் ஏன் சில ஊர்களையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, மருந்து பக்கத்திலேயே இருந்தும் மக்கள் ஏன் அதைத் தேடிப் போவதில்லை என்றெல்லாம் கேட்கிற படிப்பு. ஊசி போட அங்கே யாரும் சொல்லித் தரமாட்டார்கள். சேர்ந்த நாளிலேயே அப்பாவிடம் இதை விளக்கினேன். பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் விளக்கினேன். அவர் தலையாட்டுவார், அதோடு சரி. சாப்பாட்டுக் கடையில் யாரோ, “புள்ள டாக்டருக்கா படிக்குது?” என்று கேட்க, அப்பா தே தாரிக் டீயைக் குடித்தபடி “ம்” என்றிருக்கிறார். அந்த ஒரு “ம்” செம்பனைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ப் பேனராகத் திரும்பி வந்தது. நான் கோபித்துக்கொண்டால், “ரெண்டும் ஒடம்பு சம்பந்தப்பட்டதுதானே லா” என்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்கியவருக்குத் தன் பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. என் படிப்பின் பெயர் அதற்கு உதவவில்லை.

அன்று சாயங்காலமே கடைசி வீட்டு அத்தை வந்துவிட்டார். எங்களுக்கு உறவில்லை, ஆனால் அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலில் சுற்றியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்தார். செம்பனை முள் குத்திய புண். இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி, உள்ள உடம்பு. இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. வாடை கூடம் முழுக்கப் பரவியது. மாத்திரையை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டதாம். கிளினிக்குப் போனால் அதற்காக ஏசுவார்களே என்று பயம்.

“நம்ம புள்ள டாக்டரா இருக்கையில நான் எதுக்கு வெளிய போயி ஏச்சு வாங்கணும்? நீ வர்ற வரைக்கும் தாங்கிக்குவோம்னு இருந்துட்டேன் பாப்பா” என்றார்.

எனக்கு இதற்கு வைத்தியம் தெரியாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துச் சிரித்தார். வாசலில் நின்றிருந்த அப்பா அந்தக் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் வேனைக் கிளப்பினார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் விரல்களும் தப்பியிருக்கலாம், பாதமாவது மிஞ்சியதே என்றார் அங்கிருந்த டாக்டர். திரும்பி வரும்போது அப்பாவைத் திட்டலாம் என்றுதான் நினைத்தேன். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்த அவர் கைகளைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

திருவிழாவன்று பூசை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம். அப்பா போய்க் கோயில் தலைவரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிற மனிதர் அவர்.

“எம்பொண்ணு டாக்டரு இல்ல. டாக்டருக்குப் படிக்கவும் இல்ல. பெருமைக்கு நாந்தான் ஆமான்னுட்டேன். ஒடம்புக்கு முடியாதவங்க யாரும் அவளுக்காகக் காத்திருக்காதீங்க. நாளைக்குக் காலையில கோயில் வாசல்ல வேன் நிக்கும்.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி செருப்பைத் தேடினார். பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்நாளில் அப்பாவை அவ்வளவு பிடித்துப்போன நேரம் வேறில்லை.

மறுநாள் காலையில் ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேன் நிறைந்துவிட்டது. வீங்கிய முழங்காலோடு ஒருவர், காதில் சீழ் வடிகிற குழந்தையோடு ஓர் அக்கா, விடாத இருமலோடு ஒரு பெரியவர். யாருக்கும் நேற்று வந்த நோய் இல்லை. எல்லாரும் என் விடுமுறைக்காகக் காத்திருந்தவர்கள். மக்கள் ஏன் தாமதமாக வைத்தியத்துக்கு வருகிறார்கள் என்பதற்குத் தூரம், செலவு, பயம், வெட்கம் என்று வகுப்பில் காரணங்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் அந்தக் காரணம் நானாக இருந்தேன்.

நானும் ஏறியதைப் பார்த்த பெரியவர், “டாக்டர் இல்லேங்கிற, அப்புறம் பாப்பா எதுக்குத் தம்பி வருது?” என்று கேட்டார்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்தபடி, “மருந்து பக்கத்துலயே இருந்தும் நீங்கள்லாம் ஏன் போக மாட்டேங்கிறீங்கன்னு கேக்கத்தான்ணே. அதத்தான் அவ படிக்கிறா” என்றார்.

நான் விளக்கியதையெல்லாம் மனிதர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்பா இப்போது இல்லை. உலு யாம், பத்தாங் காலி பக்கத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய் அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் என் வேலை. கதவைத் திறக்கிறவர்கள் என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்து, “டாக்டரா? வாங்க” என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். இல்லை என்று சொன்ன பிறகுதான் உட்காருவேன்.