மராத்தி எழுத்தில் வேதவசனம்

தொண்ணூறுகளில் புனேயின் விஷ்ராந்த்வாடியில் நாங்கள் கூடிய தமிழ்ச் சபைக்கு ஒரு பெண் வருவாள். கேன்டீனில் சப்பாத்தி போடுகிறவள். மணிக்கட்டெல்லாம் சூட்டுத் தழும்பு. தமிழ் எழுத்து தெரியாது. யாரையாவது வசனத்தைச் சொல்லச் சொல்லி மராத்தி எழுத்தில் நோட்டில் எழுதிவந்து, விரல் வைத்து வாசிப்பாள். ஒரு ஞாயிறு சிலர் சிரித்துவிட்டார்கள்.

வாசிப்பவர் பட்டியல் போடுகிறவன் நான். “வேற யாராவது வாசிக்கட்டுமேம்மா,” என்றேன்.

“அரே அண்ணா, மக்கு மக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். என்னைப் படைச்சவர் அப்படிச் சொல்லலியே! அடுத்த வாரமும் நான்தான்.”

அடுத்த வாரம் பாதி வசனத்தில் தடுமாறினாள். எடுத்துக் கொடுக்க எழுந்தேன். நோட்டிலிருந்து கண்ணெடுக்காமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

சபையே அவளுக்காகக் காத்திருந்தது, வாயை மூடிக்கொண்டு நானும்.