புறவாசலில் சாளைச் சட்டி

அக்கி ஆறி ஒரு வருடமாகியும் அக்காவின் விலாவில் எரிச்சல் தணியவில்லை. சேலை உரசினாலே முகம் சுருங்கும்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலையே வலிதான். வலி நரம்புகளில் கொழுப்பு அமிலம் வந்து ஒட்டும் ஏற்பிகள் உண்டு. அவற்றைத் தூண்டினால் எலிகளுக்கு வலி குறைகிறது. மீன் கொழுப்பிலும் அந்த அமிலம் இருக்கிறது என்று அக்காவிடம் போனில் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

விடுமுறைக்குப் போனபோது புறவாசலில் மீன் வாடை அடித்தது. எங்களுடையது முட்டைகூட நுழையாத சைவ வீடு. அங்கே தனி அடுப்பில், தனிச் சட்டியில் சாளை கொதித்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டினாள்.

"நீதானே மக்கா சொன்ன. தெனமும் ரெண்டு மீனு, கண்ண மூடிக்கிட்டு முழுங்குதேன்."

எனக்கு யார்மேல் என்று தெரியாத கோபம் வந்தது. எலிக்குக் கொடுத்தது மீன் அல்ல, அந்த ஏற்பிக்கென்றே செய்த வேதிப்பொருள், அது இன்னும் மருந்தாகவில்லை, ஆகுமா என்பதும் தெரியாது என்றேன்.

"அப்பம் இதுனால கொறையாதா?"

"தெரியாதுக்கா."

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு ஒரு மீனை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"தெரியாதுன்னுதானே சொன்ன. கொறையாதுன்னு சொல்லல்லியே."