குரல் ஏறாத மடிக்கணினி

கண்டக்டரை டெப்போவில் எல்லாரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். விசிலை அவர் தொட்டதே இல்லை. பின்படியிலிருந்து "போலாம்" என்று குரல் கொடுத்தால் போதும், டிரைவர் கியரைப் போட்டுவிடுவார். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை.

தட்டச்சு செய்வதைச் சத்தமாகப் பேசும் மென்பொருள் ஒன்றின் பெயரை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. மனைவியின் தம்பி கப்பல் வேலைக்குக் கிளம்புமுன், "விண்டோஸ் போட்டா இது மூச்சு வாங்குது அக்கா" என்று, பழைய கணினியிலும் சுமையில்லாமல் ஓடும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருந்தான். இப்போது நடுக்கடலில் அவனுக்கு சிக்னல் இல்லை.

மனைவி தையல்காரி. ஞாயிறு மாலை மகள் போன் செய்வாள். அதற்குள் அவரைப் பேசவைத்துவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்தாள். இணையத்திலிருந்து இறக்கிய மென்பொருள் கோப்பை இரண்டு முறை சொடுக்கினாள். மூட்டையை அவிழ்த்ததுபோல் உள்ளே இருந்ததையெல்லாம் காட்டியதே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை. வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் 'நிறுவு' என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். இன்னொரு மென்பொருள் தொகுப்பு இல்லாமல் இது ஏறாது என்றது. அதன் பெயரை அளவு நோட்டில் எழுத்தெழுத்தாகக் குறித்து, தேடி இறக்கினாள். அது மூன்றாவதைக் கேட்டது. மூன்றாவது நான்காவதைக் கேட்டது.

கண்டக்டர் ஒரு தாளில் 'விடு' என்று எழுதி நீட்டினார்.

"சும்மா இருங்க. பட்டன் வைக்கிற நேரத்துல வந்து விடுன்னா எப்படி?"

நான்காவதில்தான் குரலே இருந்தது. அது, இந்தக் கணினிக்கான வகையல்ல என்று சொல்லி நின்றுவிட்டது. மறுபடி இறக்கிப் பார்த்தாள். அதே வரிதான் வந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைப் போனில் பிடித்தாள்.

"உங்க மெஷின் பழைய முப்பத்திரண்டு பிட்டு வகைங்க. அது புது வகை அறுபத்துநாலுக்குச் செஞ்சது. தலைகீழா நின்னாலும் ஏறாது."

"பழசுக்குன்னு ஒண்ணு இருக்காதா?"

"இப்பல்லாம் அவங்க போடறதே இல்லைங்க."

அவள் போனை வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்தது தப்பானால் பிரித்துத் தைக்கலாம். இதில் எந்த நூலைப் பிரிப்பது?

மகள் போன் செய்தபோது அவர் மடிக்கணினியிலேயே பெரிய எழுத்தில் அடித்தார். மனைவி படித்துச் சொன்னாள்.

"சாப்பிட்டியான்னு கேக்கறாரு."

"ஆச்சுப்பா."

அவர் மேலும் அடித்தார். அவள் அப்படியே வாசித்தாள். "காலைலேர்ந்து உங்கம்மா இதோட மல்லுக்கட்டறா. நான் வேண்டாம்னேன். கேக்கல." 'நான்' என்ற இடத்தில் அவள் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது யாரு சொல்றதும்மா?"

"அப்பாதான்."

மறுமுனையில் மகள், "சரிப்பா" என்றாள்.

அவர் போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"தலையாட்டறாரு" என்றாள் மனைவி.