நனையாத தொட்டி

"ஒருக்கா பாத்ரூம் பாவிக்கலாமோ அன்ரி?" என்று கேட்டுக்கொண்டே துசியந்தி கதிரையை விட்டு எழுந்துவிடுவாள். போகிற வீடெல்லாம் இதே கேள்விதான். ஆனால் தேத்தண்ணீர் நீட்டினால் வேண்டாம் என்பாள். ஒரு மிடறும் குடிக்காதவளுக்கு எங்கிருந்து இந்த அவசரம் வருகிறது என்று வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். உள்ளூராட்சிக் கவுன்சிலில் அவளோடு வேலை செய்பவர்கள் டொக்டரிடம் காட்டச் சொல்லிப் பகிடி பண்ணுவதும் உண்டு.

முதியவர்கள், ஏலாதவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள் என்று வீடு வீடாகப் போய், யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று பார்த்து எழுதுவது அவள் தொழில். அவள் எழுதுவதை வைத்துத்தான் உதவிக்கு ஆள் வருவதும் வராமல் போவதும். இதில் புலம்பெயர்ந்து வந்த நம்மவர்கள் அடிக்கிற கூத்தைச் சொல்லி மாளாது. கவுன்சில் ஆள் வருகிறது என்றால் வீட்டைக் கழுவித் துடைத்து, நோயாளிக்குச் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சேட்டு மாட்டி, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருத்திவைப்பார்கள். கஷ்டம் ஏதும் உண்டோ என்று கேட்டால், "ஒரு குறையுமில்லை பிள்ளை" என்பார்கள். குறையில்லை என்று எழுதினால் உதவியும் இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் துசியந்திக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவேதான் குளியலறை. முன்னறை என்ன பொய்யும் சொல்லும், குளியலறைக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. வெடித்துக் காய்ந்த சவர்க்காரம், சுவரோடு கழன்று வந்த கைப்பிடி, மூலையில் ஒளித்துவைத்த ஈரப் படுக்கைவிரிப்பு. ஒரு நிமிடம் போதும் அவளுக்கு.

மனோர் பார்க்கில் அந்த வீட்டுக்கும் அப்படித்தான் போனாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே சாம்பிராணி மணத்தது. செல்வரத்தினம் சோபாவில் சிரித்த முகத்தோடு இருந்தார். பெற்றோல் ஷெட் ஒன்றில் இரவு ஷிப்ட் பார்த்தே வயதானவர், இப்போது மறதி நோய். "பிள்ளை தேத்தண்ணி குடிச்சதோ?" என்று கேட்பார், கேட்டதை மறந்து மறுபடியும் கேட்பார். கனடாவில் இருக்கும் மகள்தான் தாய்க்குத் தெரியாமல் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

அதில் தன்னைக் கேரர், அதாவது பராமரிப்பவர், என்று போட்டிருந்ததில் அவருடைய மனைவி கனகாம்பிகைக்குச் சரியான கோபம். "கேரரோ? நான் ஏன் கேரர்? நான் அவரின்ரை மனிசி. சொந்தப் புருசனைப் பாக்கிறதுக்கும் ஒரு பேரோ?"

"நித்திரை எப்பிடி அன்ரி?"

"கடவுளே எண்டு நல்லாக் கொள்ளுறன்."

பாத்ரூம் கேள்வி வந்ததும் கனகாம்பிகையின் முகம் மாறியது. "மேலை போகாதையும் பிள்ளை, அது துப்பரவில்லை. கீழை ஒண்டு கிடக்கு." வாசல்படி வரை பளபளக்கும் வீட்டில் துப்பரவில்லாத இடமா? "எல்லா இடமும் பாக்கத்தானே அன்ரி வந்தனான்" என்று சொல்லி துசியந்தி படியேறினாள். அடுப்பில் பால் பொங்கி எழுந்ததால் கனகாம்பிகையால் உடனே பின்னால் ஓட முடியவில்லை.

குளியல் தொட்டிக்குள் ஒரு மெத்தைப் போர்வை விரித்திருந்தது. உடுப்புக் காயவைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தலையணையைக் கண்டாள், எண்ணெய்க் கறை படிந்த தலையணை. சவர்க்காரம் வைக்கும் இடத்தில் ஒரு மூக்குக் கண்ணாடியும் கொண்டை ஊசிகளும். கதவின் உட்புறம் மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள். வெளிப்புறம் பெயின்ற் பெயர்ந்து, ஒரே உயரத்தில் பள்ளம் பள்ளமாக அடித்த தடம்.

எத்தனையோ குளியலறைகளைப் பார்த்த துசியந்தி, பின்னால் படியில் காலடி கேட்டதும் திரும்பினாள்.

"இதுக்குள்ளையோ அன்ரி படுக்கிறனீங்கள்?"

மூச்சு வாங்க ஏறிவந்த கனகாம்பிகை கதவைச் சாத்தினார். "மெதுவாக் கதையும். பகலிலை அவர் தங்கம். இருட்டினா நான் ஆர் எண்டு தெரியாது. ஷெட்டிலை ஒருக்கா கள்ளர் கத்தியோடை வந்தவங்கள். நான்தான் அந்தக் கள்ளன் எண்டு நினைச்சுப் பொல்லுத்தடியை எடுத்திடுவார். மற்ற அறையளுக்குப் பூட்டில்லை." கார்டிகன் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டார். அதற்குள் துசியந்தி அங்கே கன்றிக் கிடந்த நீலத்தைக் கண்டுவிட்டாள்.

"நல்ல நித்திரை எண்டு சொன்னீங்களே!"

"பொய்யே சொன்னனான்? கொள்ளுறன்தானே."

"இதை நான் எழுதவேணும் அன்ரி."

"எழுதினா அவரைக் கொண்டுபோய் வயோதிபர் ஹோமிலை விட்டிடுவியள். என்னைக் காணாட்டி அந்த மனிசன் ஏங்கியே செத்துப்போகும்."

"எழுதாட்டி முதல் சாகப்போறது நீங்கள்." சொன்ன பிறகு துசியந்தி குரலைத் தணித்தாள். "ஹோம் எண்டு நான் சொன்னனானே? இரவிலை அவரோடை நிக்க ஒரு ஆள் வந்தா நீங்கள் கட்டிலிலை படுக்கலாம். தருவினமோ தெரியாது. கேக்கிறதுக்கெண்டாலும் எழுதவேணும்."

"எனக்கென்ன கட்டில்? இதுவே எனக்குக் காணும்."

"இதுக்குள்ளை காலை நீட்ட ஏலுமே?"

கனகாம்பிகைக்குச் சுருக்கென்றது. தன் குடித்தனத்தில் ஒருத்தி வந்து குறை சொல்வதா? "ஏன் ஏலாது? பாரும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, விளிம்பைப் பிடித்துத் தொட்டிக்குள் இறங்கினார். பழகிய உடம்பு தானாகவே ஒருக்களித்து முழங்காலை மடக்கிக்கொண்டது. கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டார்.

"இப்பிடித்தான். இடுப்பு நாரிக்கு ஒண்டும் செய்யாது. முதல் கொஞ்சம் குளிரும்..." கண் செருகியது. "அதையும் எழுதும் பிள்ளை."

அவ்வளவுதான். அந்த மத்தியான வெளிச்சத்தில், முன்பின் தெரியாத ஒருத்தியின் முன்னால், அந்த மனுஷி வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

துசியந்தி போர்வையின் ஓரத்தை இழுத்து அவர் காலை மூடினாள். அடுத்து மூன்று வீடுகள் அவளுக்காகக் காத்திருந்தன. படியில் நின்றே இன்று வர முடியாது என்று அவர்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, போனின் சத்தத்தை அணைத்தாள்.

கீழே செல்வரத்தினம் சிரித்தார். "பிள்ளை தேத்தண்ணி குடிச்சதோ?"

"இல்லை அங்கிள். இனித்தான்."

வந்தவுடன் வேண்டாமென்று அவள் மேசையில் வைத்த, ஆடை படர்ந்து ஆறிக்கிடந்த தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டாள். மாடிப்படியின் அடியில், வழியை மறித்துக் குந்திக்கொண்டு, முதல் மிடறைக் குடித்தாள்.