அண்ணியின் குளத்தில் கொய்யா இலை

என் அண்ணிக்கு இரண்டு மீன் குளங்கள். அண்ணன் இறந்த பிறகு வீட்டைத் தாங்கியது அவைதான். போன வருடம் மீன்களின் உடம்பில் சிவந்த புண்கள் கிளம்பின. ஆன்டிபயாடிக் போட்டதும் அடங்கின. இந்த வருடம் அதே புண், அதே மருந்து, ஆனால் கேட்கவில்லை. கிருமிக்கு மருந்து பழகிவிட்டது என்றார் மீன் டாக்டர். ஒரு குளம் அப்படியே போயிற்று. மிச்சக் குளத்தில் நோய் தொற்றுமுன்பே, அவர் சொன்னபடி பூண்டு விழுதையும் கொய்யா இலைப் பொடியையும் தீவனத்தில் பிசைந்து போடத் தொடங்கினார் அண்ணி.

பக்கத்துக் குளத்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன தங்கச்சி, மீனுக்கு உயிரோடவே மசாலா தடவுறியா?"

"ஆமாண்ணே. வாசனைக்கு உங்க மீனும் இங்க தாவிடப் போகுது, பார்த்துக்கோங்க."

வெளிநாட்டிலிருந்து நான் தினமும் போன் செய்வேன். "மீன் நல்லா சாப்பிடுதா அண்ணி?"

"நீ சாப்பிட்டியா, அதைச் சொல்லு முதல்ல."

மீன்கள் துள்ளிக்கொண்டுதான் இருந்தன. அதுவே வினையாயிற்று. பொடிக்கே இத்தனை பலன் என்றால் இலைக்கு எவ்வளவு இருக்கும் என்று, கூடை கூடையாகக் கொய்யா இலையைக் குளத்திலேயே கொட்டிவிட்டார் அண்ணி. இலை அழுகி, தண்ணீரிலிருந்த காற்றைத் தின்றது. ஒரு விடிகாலையில் பார்த்தால் குளம் முழுக்க மூச்சுக்காகப் பிளந்த வாய்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஒன்றுதான் அவரிடம். அதுவும் இருமி இருமி ஓடும் கிழடு.

அலறல் கேட்டு வந்த பக்கத்துக்காரர், தன் குளத்து ஏரேட்டரைக் கழற்றி இழுத்து வந்தார்.

"அண்ணே, உங்க மீனு?"

"அது கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்கும். நீ இலையை வாரு, என் மூஞ்சியைப் பார்க்காதே."

மதியம்வரை இருவரும் வலையால் அழுகலை வாரினார்கள். டாக்டர் போனிலேயே பொரிந்தார்: "தீவனத்துல அளவா கலக்கச் சொன்னா, குளத்தையே கஷாயமாக்கிட்டீங்களேம்மா!"

சில மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை அடிக்குப் போய்விட்டன. இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. மறுநாள், டாக்டர் சரி என்ற பிறகு, எனக்கு வீடியோவில் காட்டியபடியே அண்ணி ஒரு பிடி தீவனம் வீசினார். தண்ணீர் அசையவில்லை. பிறகு ஒரு வாய். பிறகு குளமே கொதித்தது.

அண்ணி கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"அதுங்க சாப்பிடுற நேரத்துல எதுக்கும்மா அழுகை? மிஷின் இங்கேயே இருக்கட்டும். நான் வேற வாடகைக்கு எடுத்துட்டேன்" என்றது பக்கத்துக்காரரின் குரல்.

"அண்ணி, போனை அவர்கிட்ட குடுங்க" என்றேன். நன்றி சொல்லத்தான். அவர் முகம் திரையில் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன்.

"ஹலோ... ஹலோ... என்ன தங்கச்சி, உன் கொழுந்தன் லைன்ல இல்லையே" என்றார் அவர்.